சாமுவேல் ஹாப்கிராஃப்டைக் கொன்றது எப்படி

“இதுவரைக்கும் முந்நூறு பேருக்கு மேல கொன்னிருக்கேன். ஒருத்தருக்காகக்கூட என் கண்ணு கலங்கினது கிடையாது. இந்தக் கவென்ட்ரியில அப்படி நெஞ்சுல கை வெச்சுச் சொல்லக்கூடிய ஆளு நான் ஒருத்தன்தான்.”

நெவில் பாஸ்டாக் இதைச் சொன்னபோது அவர் முகத்தில் விளையாட்டின் சாயல்கூட இல்லை. சொல்லிவிட்டு பிஸ்கட்டைத் தேநீரில் முக்கி, அது உடைந்து விழுவதற்குள் வாயில் போட்டுக்கொண்டார். அதிலும் அவர் கெட்டிக்காரர்.

எதிரே இருந்த டிலிஸ் ஹாப்கிராஃப்ட் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். ஆவணக் காப்பகத்தின் தேநீர் அறைக்கு அன்றுதான் முதல்முறையாக வந்திருந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். வேறு யாரும் பதறியதாகத் தெரியவில்லை.

“போலீசுக்குத் தெரியுமா?” என்றார்.

“நீங்க பயப்படாதீங்க டிலிஸ்,” என்றார் பக்கத்தில் இருந்த மாவிஸ் ஃபெல்டன். ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்தவர். “கொல்றதுன்னா செத்த தேதியைக் கண்டுபிடிக்கிறது. இவரு பாஷை அது. சளி மாதிரி எங்களுக்கும் ஒட்டிக்கிச்சு.”

புதன்கிழமைதோறும் கூடும் அந்த வட்டத்துக்கு ஒரே வேலைதான். பழைய பைக்கடிகாரங்களுக்கு வெள்ளிக் கூடு அடித்தவர்கள் யார், எங்கே பிறந்தார்கள், என்ன பாடுபட்டார்கள், எந்த மண்ணில் அடங்கினார்கள் என்று பழைய ஏடுகளில் துழாவுவது. கடிகாரத்தின் முகப்பில் விற்றவரின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். உள்ளே இயந்திரம் செய்தவரின் பெயர் சுழித்துச் சுழித்து இருக்கும். கூடு செய்தவருக்கு மட்டும் இரண்டே எழுத்து. அதுவும் மூடியின் உட்புறத்தில், அரிசி மணி அளவுக்கு. மூடியைத் திறக்கிறவர்கள் சாவி கொடுக்கத்தான் திறப்பார்கள். அந்த இரண்டு எழுத்தை யார் பார்த்தார்கள்? அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதரைத் தேடிப் போக வேண்டும்.

தேடிப் போனால் பிறந்தவர்கள் மலிந்து கிடப்பார்கள். ஒரே பெயரில் நாலு பேர் ஞானஸ்நானம் பெற்றிருப்பார்கள். அதில் எவர் நம் ஆள் என்று எந்தப் பாதிரியாரும் ஓரத்தில் குறித்து வைத்திருக்க மாட்டார். ஆகவே நெவில் ஒரு சட்டம் போட்டிருந்தார்: கொல்லாமல் விட்டவரை வாழ்ந்தவர் என்று சொல்லாதே. அடக்கப் பதிவு கிடைத்தால்தான் அந்த ஆள் வட்டத்தின் கணக்கில் சேர்வார். இந்தச் சட்டம் அவருக்கு வானத்திலிருந்து இறங்கவில்லை. வேலைக்காலம் முழுக்க ஆயுள் காப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்த்தவர். சவப்பெட்டியைத் தோளில் சுமந்து வந்து காட்டினாலும், “சான்றிதழ் எங்கே?” என்று கேட்டுப் பழகியவர்.

டிலிஸ் வந்த காரியத்துக்கும் அந்தச் சட்டத்துக்கும்தான் முட்டிக்கொண்டது.

பேருந்துகள் திரும்பும் வளைவுக்குப் பக்கத்தில் இருக்கும் தோட்டம் ஒரு காலத்தில் கல்லறை மைதானம். கற்களையெல்லாம் எப்போதோ பிடுங்கிவிட்டு ரோஜா வைத்துவிட்டார்கள். அங்கே ஒரு கற்பலகை நாட்ட நகராட்சி இப்போது சம்மதித்திருந்தது. ‘இங்கே அடங்கிய கடிகாரக் கூடு செய்தவர்கள்’ என்று தலைப்பு, கீழே பெயர்கள். பெயர்ப் பட்டியலைக் கல்வெட்டுகிறவரிடம் மாதக் கடைசி வெள்ளிக்குள் கொடுத்தாக வேண்டும். பட்டியல் நெவிலின் பொறுப்பு.

“சாமுவேல் ஹாப்கிராஃப்ட்,” என்றார் டிலிஸ். “எங்க தாத்தாவுக்குத் தாத்தா, அவருக்கும் தாத்தாவோ என்னவோ. அவரு மகன் ஏமஸ் ரிப்பன் நெசவு பழகச் சேர்ந்தது நகரப் பதிவுல இருக்கு. ‘தகப்பன் சாமுவேல், கடிகாரக் கூடு செய்பவர்’னு தெளிவாப் போட்டிருக்கு. மாவிஸ் அம்மாதான் எடுத்துக் கொடுத்தாங்க.”

“அவரோட முத்திரையும் நமக்குத் தெரியும்,” என்றார் மாவிஸ். “எஸ், ஹெச். பர்மிங்ஹாம்ல பதிஞ்சது. 1783 வரைக்கும் அந்த முத்திரை போட்ட கூடு கிடைக்குது.”

“எல்லாம் சரி,” என்றார் நெவில். “எப்பச் செத்தாரு?”

“அது தெரியலையே.”

“அப்பச் சாகலை.”

“இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சுங்க!” என்றார் டிலிஸ். “நானும் இந்த ஊர்ல ஆயுசு பூரா பஸ் ஓட்டியிருக்கேன். இதுவரைக்கும் அவரு ஏறினதில்லை.”

மாவிஸுக்குத் தேநீர் புரையேறியது. நெவில் சிரிக்கவில்லை. டிலிஸும் சிரிக்காமல்தான் தொடர்ந்தார்.

“எனக்குப் பிள்ளை கிடையாது. என் தம்பி கீத்துக்கும் கிடையாது. எங்க ரெண்டு பேரோட இந்தப் பேரு முடிஞ்சுபோகுது. அந்தத் தோட்டத்தைச் சுத்தித்தான் தினமும் வண்டியைத் திருப்பினேன். தெரிஞ்சிருந்தா ஒரு ஹாரனாவது அடிச்சிருப்பேன். கல்லுலயாவது இந்தப் பேரு நிக்கட்டுமே?”

“ஆசையைக் கல்லுல வெட்ட முடியாது அம்மணி. அடக்கம் பண்ணின பதிவு வேணும்.”

“எங்க போய்த் தேடறது?”

“நீங்க தேட வேணாம். உரிமை கேட்டு வந்தவங்க கையில ஆதாரத்தைத் தேடக் கொடுக்கறது, பூனை கையில பாலைக் காய்ச்சக் கொடுக்கற மாதிரி. நானே பார்க்கிறேன்.”

அப்படித்தான் நெவில் பாஸ்டாக் சாமுவேல் ஹாப்கிராஃப்டைக் கொல்லக் கிளம்பினார்.

அடுத்த புதன்கிழமை வாசிப்பு அறையில் மூவரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். நெவில் முன்னால் பெரிய சர்ச்சின் அடக்க ஏடு, படச்சுருளாக. கைப்பிடியைச் சுற்றச் சுற்றத் திரையில் பக்கங்கள் ஓடும். அவர் 1783-லிருந்து தொடங்கினார். முத்திரை அதுவரை வருகிறது. வேலை செய்கிற ஆள் செத்திருக்க முடியாது. ஆகவே அதற்கு முன்னால் தேடுவது வீண். இந்தக் கணக்கை டிலிஸுக்கு விளக்கியபோது அவர் குரலில் ஒரு பெருமிதம் இருந்தது.

அந்தக் காலத்து எழுத்தர் சோம்பேறி. இறந்தவரின் வயதை எழுதமாட்டார், தகப்பன் பெயரை எழுதமாட்டார். நாள், பெயர், அவ்வளவுதான். கையெழுத்து மட்டும் மணிமணியாக இருக்கும்.

பக்கத்துத் திரையில் வேறொரு ஏட்டைப் பார்த்துக்கொண்டிருந்த மாவிஸ் சட்டென்று பென்சிலைக் கீழே வைத்தார். திரையைப் பார்த்து, மெதுவாக, ஆனால் வாய்விட்டே, “ஹன்னா பிரிஞ்ச்,” என்றார். பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டார்.

டிலிஸ் நெவிலைப் பார்த்தார்.

“குழந்தை அடக்கம் எதாச்சும் கண்ணுல பட்டா இப்படித்தான்,” என்றார் நெவில். “பேரை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுவாங்க. காப்பகமா இது, ஜெபக்கூடமா? ஏன் டீச்சர், அட்டெண்டன்ஸ் எடுக்கிறீங்களா? யாராவது ‘உள்ளேன் ஐயா’ன்னு எழுந்து நின்னா எனக்கும் சொல்லுங்க.”

“எழுந்து நிக்க மாட்டாங்க நெவில். நிக்கிற வயசே வரலை அவங்களுக்கு.”

“இது ஆதாரத்துக்கு என்ன உதவி? கண்ணைத் துடைச்சுக்கிட்டே ஏடு படிச்சா எட்டு மூணாத் தெரியும், மூணு எட்டாத் தெரியும். கைக்குட்டையோட வர்றவங்களை உள்ளயே விடக்கூடாதுன்னு நான் எப்பவோ எழுதிக் கொடுத்தேன்.”

“ஒரு உதவியும் இல்லை,” என்றார் மாவிஸ் சாவகாசமாக. “அன்னைக்குக் குழியோரத்துல யாரோ ஒருத்தர் இந்தப் பேரைச் சொல்லியிருப்பாங்க. அதுக்கப்புறம் யாரும் சொல்லலை. நான் ஒரு தடவை சொல்றேன். உங்களுக்கு எங்க வலிக்குது?”

மேசையிலிருந்து ஹர்ஜித் கவுர், “அமைதி,” என்றார். அறையின் பொறுப்பாளர், பல வருடமாக இந்தச் சண்டையைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர். “நெவில் சார், மாவிஸ் அம்மா சொல்றது ஒரு பேருதான். நீங்க பண்றது பிரசங்கம்.”

நெவில் வாயை மூடிக்கொண்டு கைப்பிடியைச் சுற்றினார். மழைக்காலம் போய்க் குளிர்காலம் ஓடியது. 1784 பிப்ரவரி. திடீரென்று அவர் கை நின்றது.

சாமுவேல் ஹாப்கிராஃப்ட்.

நாள் இருக்கிறது. பெயர் இருக்கிறது. அந்தச் சர்ச்சின் அடக்கமெல்லாம் அதே மைதானத்தில்தான். முந்தின வருடத்தோடு முத்திரை நின்றுபோகிறது. அடுத்த பிப்ரவரியில் ஆள் அடங்குகிறார். பூட்டும் சாவியும்போலப் பொருந்தியது.

“கொன்னாச்சு,” என்றார் நெவில்.

டிலிஸ் திரையருகே குனிந்து அந்தப் பெயரின்மேல் விரலை வைத்தார். “நீங்க இங்கதான் இருந்தீங்களா?” என்றார் திரையிடம். பிறகு தம்பிக்குப் போன் பண்ண வெளியே ஓடினார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது தெரிந்தது. ஒரு கையால் இல்லாத ஸ்டீயரிங்கைத் திருப்புவதுபோல் இருந்தது.

நெவில் பட்டியலில் எழுதிக்கொண்டார்: சாமுவேல் ஹாப்கிராஃப்ட், 1784. உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. காப்பீட்டு வேலையில் ஒரு கோரிக்கையைச் சரி என்று ஒப்புக்கொண்டு அனுப்பிய நாட்கள் அவருக்கு அதிகம் வாய்த்ததில்லை.

மாதக் கடைசி வந்தது. வெள்ளிக்கிழமை பட்டியலைக் கொடுக்க வேண்டும். வியாழக்கிழமை காலையில் நெவில் தனியாக வாசிப்பு அறைக்கு வந்தது சாமுவேலுக்காக இல்லை. பட்டியலில் இருந்த வேறொருவர், ஜோப் லின்னெட் என்கிற கூடு செய்பவர், எங்கே தொழில் பழகினார் என்று பார்க்க வந்தார். கவென்ட்ரியில் ஏழு வருடம் முறையாகத் தொழில் பழகினால் நகர உரிமை கிடைக்கும். உரிமை கிடைத்தால் ஓட்டு. ஆகவே யார் யாரிடம் பழகச் சேர்ந்தார்கள் என்பதை நகரம் கண்ணும் கருத்துமாகப் பதிந்து வைத்திருந்தது.

லின்னெட் கிடைத்தார். 1786-இல் சேர்ந்திருக்கிறார். குருவின் பெயர் பக்கத்தில்: சாமுவேல் ஹாப்கிராஃப்ட், கடிகாரக் கூடு செய்பவர்.

நெவில் ஆண்டை மறுபடி பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொருமுறை பார்த்தார்.

செத்து இரண்டு வருடமானவர் தொழில் பழக ஆள் சேர்த்துக்கொள்வதில்லை. காப்பீட்டு நிறுவனத்தில் இப்படி ஒரு தாள் வந்திருந்தால் நெவிலுக்கு அது திருவிழா. இப்போது அவர், யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தார்.

சாமுவேல் சாகவில்லை. அப்படியானால் 1784 பிப்ரவரியில் அந்த மண்ணுக்குள் போனது யார்?

சாமுவேலுக்குக் கல்யாணம் பெரிய சர்ச்சில் நடந்ததை நெவில் முன்பே பார்த்திருந்தார். ஆகவே பிள்ளைகளின் ஞானஸ்நானத்தையும் அங்கேதான் தேடினார். கிடைக்கவில்லை; போகட்டும், எங்கேயாவது விடுபட்டிருக்கும் என்று விட்டுவிட்டார். கவென்ட்ரிக்காரர் ஒருவர் செய்யக்கூடாத பிழை அது. பெரிய சர்ச்சிலிருந்து பிரிந்து தனிச் சபைக்கூடத்துக்குப் போகிறவர்கள் அந்த ஊரில் ஏராளம். அவர்களும் அந்தக் காலத்தில் சட்டப்படி பெரிய சர்ச்சில்தான் மோதிரம் மாற்றியாக வேண்டும். கல்யாணத்தை வைத்து ஆள் எந்தக் கூடத்தைச் சேர்ந்தவர் என்று சொல்லவே முடியாது. சபைக்கூடத்துக்குச் சொந்தக் கல்லறை கிடையாது என்பதால் கடைசியில் அடக்கத்துக்கும் பெரிய சர்ச்சுக்கே வருவார்கள். நடுவில் பிறக்கிற பிள்ளைகள் மட்டும் சபைக்கூடத்தின் ஏட்டில் இருப்பார்கள்.

ஹர்ஜித்திடம் அந்த ஏட்டின் படச்சுருளைக் கேட்டு வாங்கினார்.

சபைக்கூடத்து எழுத்தர் சோம்பேறி இல்லை. எல்லாம் எழுதியிருந்தார். சாமுவேலுக்கும் ஹெஸ்டருக்கும் பிறந்த மகன், சாமுவேல். இரண்டு வருடம் கழித்து, சாமுவேலுக்கும் ஹெஸ்டருக்கும் பிறந்த மகன், சாமுவேல். பிறகு 1784 ஜனவரியில் இன்னொரு மகன். அவனும் சாமுவேல்.

முன்னால் பிறந்தவன் போய்விட்டால் அவன் பெயரை அடுத்தவனுக்கு வைப்பது அன்றைக்கு வழக்கம். நெவிலுக்கு இது தெரியாததா? பிறந்தவர்களை நம்பாதே என்று அவர் ஊருக்கெல்லாம் சொன்னதே இதனால்தானே. பிறப்பை நம்பாதவர் ஒரு சாவை நம்பிவிட்டார்.

சர்ச்சின் அடக்க ஏட்டை மறுபடி எடுத்து, வீண் என்று தாம் விட்டுவைத்திருந்த முந்தைய வருடங்களுக்குச் சுற்றினார். 1779-இல் ஒன்று. 1781-இல் ஒன்று. அதே சோம்பேறிக் கையெழுத்து, மணிமணியாக. வயது இல்லை, தகப்பன் இல்லை. ஒவ்வொன்றிலும், ஆயுசு முழுக்க வாழ்ந்து முடித்தவர்போல, சாமுவேல் ஹாப்கிராஃப்ட்.

தகப்பனின் அடக்கம் மட்டும் எங்கேயும் இல்லை. பக்கம் பக்கமாக ஐம்பது வருடத்துக்கு ஓட்டிப் பார்த்தார். முத்திரை ஏன் நின்றது என்பது மட்டும் ஒருவாறு ஊகிக்க முடிந்தது. சொந்தமாக வெள்ளி வாங்க முடியாதவர்கள் பெரிய பட்டறைக்காரர்களுக்குக் கூலிக்கு அடித்துக் கொடுத்தார்கள். கை இவருடையது, கூட்டுக்குள் விழுந்த இரண்டு எழுத்து வேறொருவருடையது.

சபைக்கூடத்து ஏட்டில் இன்னும் ஒரு பிறப்பு இருந்தது. 1786. மகன். அவனுக்கு மட்டும் ஏமஸ் என்று பெயர்.

அந்த மத்தியானமே நெவில் டிலிஸின் வீட்டுக் கதவைத் தட்டினார்.

“வாங்க வாங்க!” என்றார் டிலிஸ். கையெல்லாம் மாவு. “கல்லு திறக்கிற அன்னைக்குக் கொடுக்க முக்கோண கேக் பண்ணிப் பார்க்கிறேன். கீத் வுல்வர்ஹாம்ப்டன்லேருந்து வர்றான், புதுசாக் கோட்டெல்லாம் வாங்கிட்டான். கல்யாணத்துக்குக்கூட வாடகைக் கோட்டுதான் போட்டான் அவன். உட்காருங்க, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?”

நெவில் உட்காரவில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். லின்னெட், குருவின் பெயர், சபைக்கூடம், மூன்று பிறப்பு, மூன்று அடக்கம். அவசரப்பட்டுத் தாம் தவறிவிட்டதையும் கடைசியில் சேர்த்துச் சொன்னார். காப்பீட்டு அலுவலகத்திலிருந்து போகும் கடிதம்போலவே இருந்தது, அந்தக் கடைசி வாக்கியத்தைத் தவிர.

டிலிஸ் கையிலிருந்த மாவை ரொம்ப நேரம் துண்டில் துடைத்தார்.

“நாலாவது பையனுக்கு ஏன் அந்தப் பேரை வைக்கலை?”

“தெரியாது.”

“பயந்திருப்பாங்க.”

“இருக்கலாம். ஏட்டுல இல்லை.”

“அதெல்லாம் ஏட்டுல எதுக்குய்யா இருக்கணும்?” என்றார் டிலிஸ். குரல் உயர்ந்து, உடனே தணிந்தது. “எங்க குடும்பத்துல ஏமஸ் ரெண்டு பேரு. ஜோசப் இருக்கான். ரூபன்னுகூட ஒருத்தன் இருந்தான். சாமுவேல்னு ஒருத்தர்கூட வெச்சுக்கிட்டதே இல்லை. ஏன்னு யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதும் இல்லை.”

அடுப்பில் கேக் வேகும் வாசனை வந்தது. டிலிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இப்போது பேச்சு வேறு மாதிரி வந்தது. நிறுத்தத்தைத் தாண்டிவிட்ட பயணி ஓட்டுநரிடம் கெஞ்சுகிற மாதிரி.

“இங்க பாருங்க. சாமுவேல் ஹாப்கிராஃப்ட் அந்த மண்ணுல இருக்காரா, இல்லையா? ஒண்ணுக்கு மூணா இருக்காங்க. பேருல ஒரு எழுத்து பொய் இல்லை. அப்படியே விட்டுடுங்களேன்.”

“தலைப்பு ‘கூடு செய்தவர்கள்’னு இருக்கு, டிலிஸ்.”

“செஞ்சிருப்பாங்க. வளர்ந்திருந்தா.”

நெவிலிடம் எல்லாக் கோரிக்கைக்கும் ஒரு பதில் உண்டு. அவர் தொப்பியின் விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்குள் எதுவும் எழுதியிருக்கவில்லை.

“யாருக்குத் தெரியப்போகுது? உங்களுக்கும் எனக்கும்தானே?” என்றார் டிலிஸ்.

தப்பிக்க வழி திறந்துதான் இருந்தது. அவருடைய பிழையும் கல்லுக்கு அடியில் ஓசைப்படாமல் போய்விடும். வட்டத்தில் ஒருவரும் கேட்கமாட்டார்கள். அவர் கொன்றவரை யாரும் திரும்ப எழுப்பிப் பார்ப்பதில்லை.

“கல்லுல வெட்டிட்டா, இவரைத் தேடறதை எல்லாரும் நிறுத்திடுவாங்க,” என்றார் நெவில். மெதுவாக, தமக்கே சொல்லிப் பார்ப்பதுபோல. “நானே ரெண்டு வாரமா நிறுத்திட்டேனே. கிடைச்சுட்டாருன்னு நினைச்சேன், மூடிட்டேன். அவரு எங்கயோ கிடக்காரு, டிலிஸ். கூலிக்கு வேலை பார்த்து, சொந்த முத்திரைகூட இல்லாம, எந்த ஊரு மண்ணுலயோ. இங்க இருக்காருன்னு நாம எழுதி வெச்சா, அவரு இருக்கிற இடத்துல ஒருத்தரும் போய்ப் பார்க்க மாட்டாங்க.”

டிலிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே ஒரு பேருந்து மூச்சு விட்டு நின்று, கிளம்பிப் போயிற்று.

“எடுத்துடுங்க,” என்றார்.

“நான் தொடர்ந்து தேடுவேன்.”

“தேடுங்க. நான் ஒண்ணும் ஓடிப்போகலை. கீத்துகிட்ட கோட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்றேன்.” முகத்தைத் திருப்பாமலேயே சொன்னார். “ஒண்ணே ஒண்ணு. அந்தப் பசங்க. மாவிஸ் அம்மா ஏட்டைப் பார்த்து ஒரு தடவை பேரைச் சொல்லுவாங்களே, அந்த மாதிரி அவங்களைச் சொல்லச் சொல்லுங்க. உங்களுக்கு அது பிடிக்காதுன்னு தெரியும். அவங்ககிட்ட விஷயத்தை மட்டும் சொன்னாப் போதும்.”

“சொல்றேன்,” என்றார் நெவில்.

காப்பகத்துக்குத் திரும்பும்போது மணி நாலு. படிக்கட்டில் நின்றபடியே கல்வெட்டுகிறவருக்குப் போன் பண்ணினார். ஒரு பெயரை எடுக்க வேண்டும் என்றார்.

“எடுத்துடலாம். அந்த இடத்தைக் காலியா விடவா, கீழ இருக்கறதையெல்லாம் மேல ஏத்திடவா?”

நெவில் பட்டியலைப் பிரித்து அந்த வரியைப் பார்த்தார்.

“சார்? காலியா விட்டா, பொக்கைப்பல்லு மாதிரித் தெரியும்.”

“மேல ஏத்திடுங்க,” என்றார்.

மாவிஸ் அடுத்த புதன்கிழமைதான் வருவார். ஒரு சீட்டில் எழுதி ஹர்ஜித்திடம் கொடுத்துவிட்டுப் போகலாம். அதற்காகத்தான் நெவில் உள்ளே போனார். மேசையில் பென்சிலும் துண்டுத்தாள்களும் இருந்தன. பென்சிலை எடுத்தார், வைத்துவிட்டார்.

“பெரிய சர்ச் அடக்க ஏடு,” என்றார் ஹர்ஜித்திடம். “காலையில பார்த்தது.”

“மூடுற நேரம் ஆகுது நெவில் சார்.”

“ரொம்ப நேரம் ஆகாது.”

அறையில் இன்னும் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். நெவில் அவர்களை விட்டுத் தள்ளிச் சுவரோரத் திரையில் உட்கார்ந்து சுருளை மாட்டினார். 1779-ஐ எங்கே நிறுத்த வேண்டும் என்று இப்போது கைக்குத் தெரிந்திருந்தது. பெயர் திரையில் வந்து நின்றது. அவர் தொண்டையைச் செருமினார். ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

“சாமுவேல் ஹாப்கிராஃப்ட்,” என்றார் நெவில்.

மேசையில் ஹர்ஜித் நிமிர்ந்தார். அமைதி என்று சொல்ல வாயெடுத்தவர், யார் என்று பார்த்ததும் சொல்லாமல், முன்னால் இருந்த தாள்களை அடுக்க ஆரம்பித்தார்.

கைப்பிடி சுழன்றது. இரண்டு வருடம் ஓடியது. நெவில் அங்கேயும் நிறுத்தி, அதே பெயரை, முதல் தடவையைவிடத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

மூன்றாவதுக்கு இன்னும் கொஞ்சம் சுற்ற வேண்டியிருந்தது. அங்கே எழுத்து மங்கித் தெரிந்ததால், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, சரியாகப் பார்த்த பிறகு சொன்னார்.